பிளஸ் ஒன் பையனிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்கலாமா?

தாராபுரம்காரி

எல்லோருக்கும் வணக்கமுங்க. வீட்டில் ஒரு மாதமாக ஒரே சண்டை. இங்கே கேட்டால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

பையன் பிளஸ் ஒன் படிக்கிறான், பதினாறு முடிந்து மூன்று மாதம் ஆகிறது. தாராபுரத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளித் தோட்டத்தில் குடியிருக்கிறோம். டியூஷன் டவுனில், சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டேகாலுக்கு விடுகிறார்கள். எங்கள் நிறுத்தத்துக்கு வரும் கடைசி டவுன் பஸ் எட்டு மணிக்கே போய்விடும். இப்போது நான்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, எதிரே மூடிக்கிடக்கும் ஒரு கடைத் திண்ணையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து கூட்டி வருகிறேன். வீட்டுக்காரருக்கு மில்லில் ஷிஃப்ட், பத்து மணிக்குத்தான் வருவார். "அவன்கிட்ட வண்டியக் குடுத்துட்டு நீ வீட்டுல இரு, ஊர்ல எல்லாப் பசங்களும் அப்படித்தான் போறாங்க" என்கிறார். அத்தை ஒரு படி மேலே போய், "பதினாறு வயசாச்சு, இன்னும் அம்மா பின்னாடி உக்காந்து போறான்னு நாலு பேரு சிரிக்கறாங்க" என்கிறார்.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு ஓட்டத் தெரியும், என்னைவிட நன்றாகவே ஓட்டுவான். எட்டாவது படிக்கும்போதே தோட்டத்து இட்டேரியில் அவன் அப்பா கற்றுக்கொடுத்துவிட்டார். ஒன்பதாவதிலிருந்து காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்ற, மாவு மில்லுக்கு, அத்தைக்குத் தைலம் வாங்க என்று அனுப்பியது நான்தான். அதனால் இப்போது "வேண்டாம்" என்று சொல்ல எனக்கே வாய் வரமாட்டேன் என்கிறது.

பயம் வந்தது போன ஞாயிற்றுக்கிழமை. கிரிக்கெட் விளையாடப் போகிறேன் என்று வண்டியை எடுத்துப் போனவன் திரும்பி வந்தபோது இடது பக்கக் கண்ணாடி திரும்பிக் கிடந்தது. பிரேக் லீவரின் குண்டு முனையில் கருப்பு பெயின்ட் போய் உள்ளே வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. கேட்டால், "நிறுத்தி வச்ச வண்டிதாம்மா, சாஞ்சிருச்சு" என்கிறான். நின்ற வண்டி சாய்ந்தால் லீவர் முனை தேயுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம் வண்டியைக் கொடுப்பதா வேண்டாமா, கொடுக்காவிட்டால் டியூஷனுக்கு என்ன வழி?

பழைய எக்ஸெல்

அம்மிணி, ரொம்பப் பயப்படாதீங்க. நான் பதிமூணு வயசில் அப்பாவோட டிவிஎஸ் 50-ஐ ஓட்டினவன். முன்னால் ஒரு தவிட்டு மூட்டை, பின்னால் தம்பி, அவன் மடியில் ஒரு கோழி. ஒண்ணும் ஆகலை, இதோ ஐம்பத்திரண்டு வயசில் உட்கார்ந்து டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன். கிராமத்தில் இதையெல்லாம் பார்த்தால் பொழப்பு நடக்காது. எட்டு மணிக்குப் பஸ் நின்றுபோகிற ஊரில் பதினெட்டு வயசு வரை காத்திரு என்று சட்டம் போட்டவர்களுக்கெல்லாம் டவுனில் வீடு. நல்ல ஹெல்மெட்டாக ஒன்று வாங்கிக் கொடுங்க, நாற்பதுக்கு மேலே போகமாட்டேன் என்று சத்தியம் வாங்குங்க, அனுப்புங்க. ரெண்டு தடவை விழுந்து எழுந்தால்தான் வண்டி கைக்கு வரும்.

பட்டறை

லீவர் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், இருபது வருஷமாக ஸ்கூட்டர் ரிப்பேர்தான் என் தொழில். நின்ற வண்டி சாய்ந்தால் கண்ணாடி திரும்பும், லீவர் வளையும், முனையில் ஒரு நசுங்கல் விழும். தேயாதுங்க. தேய வேண்டுமென்றால் வண்டி தரையில் இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். வெளிச்சத்தில் நிறுத்திக் குனிந்து பாருங்கள். லீவர் முனை, ஹேண்டில்பார் முனையில் இருக்கும் குண்டு, கீழே ஃபுட்போர்டு ஓரம், இந்த மூன்று இடத்திலும் கீறல் முன்னாலிருந்து பின்னால் ஒரே வாக்கில் ஓடியிருந்தால் ஓட்டிக்கொண்டு போகும்போது விழுந்திருக்கிறான். இந்த வெயிலில் வீட்டுக்குள் முழுக்கைச் சட்டையோடு திரிகிறானா என்றும் பாருங்கள், என்னிடம் வண்டியை ரகசியமாகச் சரிபண்ண வரும் பையன்கள் எல்லோரும் அப்படித்தான் வருவார்கள்.

எக்ஸெல் அண்ணனுக்கு ஒன்று. நீங்கள் ஓட்டியது 50 சிசி, தவிட்டு மூட்டையோடு மேடு ஏறும்போது அதற்கு மூச்சு வாங்கியிருக்கும், நீங்கள் இறங்கிக் காலால் தள்ளியிருப்பீர்கள். இன்றைக்கு வீட்டு வீட்டுக்கு நிற்பது 110 சிசி, 125 சிசி. முறுக்கின வேகத்தில் அறுபதைத் தொட்டுவிடும், சத்தமும் வராது, அதனால் அறுபதில் போகிறோம் என்கிற உணர்வே இருக்காது. அறுபதில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர், அதாவது ஒன்றரை டவுன் பஸ் நீளம். ஆடு குறுக்கே வருகிறது என்று கண் பார்த்துக் கை பிரேக்கைத் தொடுவதற்குள் ஒரு நொடி போய்விடும், நிற்பதற்கான தூரம் அதற்கப்புறம் தனி. நாற்பதில் இதே கணக்கு 11 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்குதானே கூடியிருக்கிறது என்று நினைப்பீர்கள், மோதினால் அடி இரண்டேகால் மடங்கு.

அப்புறம் பிரேக். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வரையிலான வண்டிகளில் இடது லீவரைப் பிடித்தால் முன்னும் பின்னும் சேர்ந்து பிடிக்கும்படி வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய வண்டி பலவற்றில் இடது லீவர் பின் சக்கரத்துக்கு மட்டும்தான். பயத்தில் இடது கையை ஒரேயடியாக இறுக்குவார்கள், வளைவில் கொஞ்சம் மணல் கிடந்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கிவிடும். இடது பக்கமாகச் சறுக்கினால் முதலில் தேய்வது எது தெரியுமா, லீவர் முனை.

கேஸ்கட்டு

நான் வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா, விபத்து வழக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு அலைவதுதான் வேலை. போலீஸ் பிடித்தால் அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்று நினைக்கும் வீட்டுக்காரருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் ஊரில் பாதிப் பேர் நம்பும் ஒரு தப்பு: "கியர் இல்லாத வண்டிக்குப் பதினாறு போதும்." மோட்டார் வாகனச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் பதினாறு வயது என்று இருப்பது 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு. அப்படி ஒரு ஸ்கூட்டரை இன்றைக்கு ஷோரூமில் தேடிப் பாருங்கள். இப்போதைய டிவிஎஸ் எக்ஸெல் 100கூட 99.7 சிசி. ஆக உங்கள் ஸ்கூட்டருக்கு வயது பதினெட்டு, அதற்கு முன்னால் எல்எல்ஆர்கூடப் போட முடியாது.

2019 திருத்தத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு வந்தது, அந்த வருஷம் செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. மைனர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் குற்றவாளி என்று எடுத்துக்கொள்வது பெற்றோரையோ வண்டி உரிமையாளரையோ. மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. "எனக்குத் தெரியாமல் எடுத்துட்டுப் போயிட்டான்" என்று நிரூபித்தால் தப்பிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது, ஆனால் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். ஒன்பதாவதிலிருந்து தினம் பால் கேனோடு போனதைச் சொசைட்டியில் வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்திருக்கும்போது எதைச் சொல்லி நிரூபிப்பீர்கள்?

சிறை, அபராதத்தைவிட எனக்குப் பயம் இன்சூரன்ஸ்தான். பாலிசி இருக்கிறது, தேர்டு பார்ட்டி இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பார்கள். லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டி எதிரே வந்தவர் இறந்துபோனால், பெரும்பாலும் கம்பெனி அந்தக் குடும்பத்துக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் வண்டி உரிமையாளரிடம் வசூல் பண்ணிக்கொள்ளும்படிதான் தீர்ப்பு வரும். அந்தத் தொகை ஆயிரக்கணக்கில் இருக்காது, செத்தவர் சம்பாதிக்கிற வயதுக்காரர் என்றால் பல லட்சம். அதுவரை தோட்டத்துப் பத்திரத்தைப் பீரோவில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினவர்கள் எங்கள் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்காருவார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன ஒரு வழக்கில், உறவுக்காரப் பையன், மைனர், வீட்டுக்கு வந்தவன் சொல்லாமல் சாவியை எடுத்துக்கொண்டு போய் மோதியதில் ஒருவர் இறந்துவிட்டார். "நான் கொடுக்கவில்லை, அவனாக எடுத்தான்" என்றார் வண்டிக்காரர். சாவி மைனர் கைக்குக் கிடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உன் பொறுப்பு, நீதான் கட்ட வேண்டும் என்று முடிந்தது. சாவியை எங்கே மாட்டி வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

ஓட்டியவனுக்கே ஏதாவது ஆனாலும் அப்படித்தான். உரிமையாளர்-ஓட்டுநருக்கு என்று பாலிசியில் இருக்கும் 15 லட்சம் விபத்துக் காப்பீடு உரிமையாளரே ஓட்டினால்தான், அதுவும் லைசென்ஸ் இருந்தால்தான்.

"சின்னப் பையனை ஜெயிலில் போடமாட்டார்கள்" என்பது சரி. 2024 மே மாதம் புனேயில் பதினேழு வயதுப் பையன் காரில் மோதி இரண்டு பேர் செத்தபோது சிறார் நீதி வாரியம் முதலில் அவனை 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீனில் விட்டதை நாடே பேசியது. ஆனால் கைதானவர்கள் வரிசையில் அவன் அப்பாவும் இருந்தார் என்பதை எங்கள் ஊரில் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

இரவுப்பணி

நான் ஒரு அரசு மருத்துவமனையில் விபத்துப் பிரிவில் நர்ஸ். ராத்திரி எட்டரையிலிருந்து பதினொன்று வரைக்கும்தான் எங்களுக்கு நெருக்கடி, உங்கள் பையன் டியூஷன் விட்டு வரும் நேரமும் அதுதான். 2022-இல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்து, எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதலிடம், செத்தவர்கள் 17,884 பேர். அந்த வருஷம் நாடு முழுக்கச் சாலையில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு நாற்பத்து நாலு பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். எங்கள் வார்டைப் பார்த்தால் அதைவிடக் கூடுதலாகத்தான் தோன்றும்.

ஹெல்மெட் வாங்கிக் கொடுத்துவிட்டால் ஆயிற்று என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். போன மாதம் ஒரு பையனோடு அவன் ஹெல்மெட்டும் வந்தது. வைசரில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை, தாடைப் பட்டையின் மிச்சம் கடையில் சுற்றின ரப்பர் பேண்டோடு அப்படியே இருந்தது. அதாவது வாங்கின நாளிலிருந்து ஒரு தடவைகூட அவன் தலைக்கு ஏற்றபடி பட்டையை இழுத்துக் கட்டவில்லை. கை முட்டியில் மாட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறான், போலீஸைக் கண்டால் போடுவதற்கு. ஹெல்மெட்டில் ஒரு கீறல் இல்லை.

இந்த வயதுப் பையன்கள் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு முதலில் கேட்பது என்ன தெரியுமா? "வண்டிக்கு என்னாச்சு சிஸ்டர்?" அடுத்தது, "அப்பாகிட்டச் சொல்லாதீங்க." வலியைவிட அப்பா பயம் பெரிதாக இருக்கிறது, அதனால் விழுந்ததையே மறைக்கிறார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். உங்கள் பையன் ஞாயிற்றுக்கிழமை விழுந்திருந்தால் தலையில் அடிபட்டதா என்று கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள். தலைவலி கூடிக்கொண்டே போகிறது, வாந்தி எடுக்கிறான், வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிகிறான், பேச்சு குழறுகிறது என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, உடனே கூட்டிப்போய் ஸ்கேன் எடுங்கள். செலவு, கேஸ் என்று பயந்து விபத்தில் அடிபட்டவர்களை வீட்டிலேயே வைத்திருப்பவர்களும் உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய "நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை ஒரு வரம்பு வரைக்கும் இலவசம், பட்டியலில் இருக்கும் தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நாங்கள் யாருக்கும் தையல் போடுவதில்லை.

வலது முட்டி

நான் இங்கே எப்போதும் படித்துவிட்டுப் போகிறவன், எழுதினதில்லை.

பதினேழு வயதில், பிளஸ் டூ அரையாண்டு முடிந்த அன்று, அப்பா வண்டியில் நான் முன்னால், இரண்டு நண்பர்கள் பின்னால். தனியாகப் போகும்போது நான் நாற்பதைத் தாண்டினதே இல்லை, எங்கள் தெருவில் கேட்டால் "தங்கமான பையன், மெதுவாத்தான் போவான்" என்பார்கள். அன்றைக்குப் பின்னாலிருந்து ஒருத்தன் "எங்க தாத்தா இதவிட வேகமா நடப்பாரு" என்றான். மற்றவன் சிரித்தான். அவ்வளவுதான் நடந்தது. சாலையில் மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள், பாதி ரோடு அதற்கே போயிருந்தது. மிச்சப் பாதியில் ஒரு பெரியவர் சைக்கிளில் சோளத்தட்டுக் கட்டை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். எனக்கு வலது கால் முட்டி உடைந்தது, கம்பி வைத்திருக்கிறது. நண்பர்கள் சிராய்ப்போடு தப்பினார்கள். அவருக்கு இடுப்பெலும்பு. பிழைத்துக்கொண்டார், ஆனால் அதற்கப்புறம் அவர் தோட்டம் போகவில்லை. எங்கள் அப்பா இரண்டு வருஷம் மாதாமாதம் போய்ப் பணம் கொடுத்தார், ஒவ்வொரு தடவையும் என்னையும் கூட்டிப்போனார். அந்த வீட்டு அம்மா ஒவ்வொரு தடவையும் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். இன்றைக்கு எனக்கு முப்பத்தொன்று, அந்த ஊர் வழியாகப் போகாமல் எட்டு கிலோமீட்டர் சுற்றித்தான் போகிறேன்.

பிறகு காலேஜில் உளவியல் படிக்கும்போது ஒரு சோதனையைப் பற்றி வந்தது, அமெரிக்காவில் செய்தது, 2005-இல் வெளியானது. கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு. சிக்னல் மஞ்சளாகும், எந்த நேரமும் சிவப்பு விழலாம், அதற்குள் எவ்வளவு தூரம் போகிறோமோ அவ்வளவு புள்ளி, சிவப்பு விழும்போது ஓடிக்கொண்டிருந்தால் எல்லாம் போச்சு. தனியாக விளையாடும்போது சின்னப் பையன்களும் பெரியவர்களும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் நிறுத்தினார்கள். வயதொத்த கூட்டாளிகள் பக்கத்தில் நின்றபோது பதிமூன்றிலிருந்து பதினாறு வயது வரை இருந்தவர்கள்தான் ரொம்பத் துணிந்து ஓட்டினார்கள், இருபத்து நாலு தாண்டியவர்களிடம் மாற்றமே இல்லை. வகுப்பில் எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு "எங்க தாத்தா" என்கிற குரல்தான் கேட்டது.

பையன் நன்றாக ஓட்டுவான் என்கிறீர்கள் அக்கா. நீங்கள் பார்க்கும்போது நன்றாக ஓட்டுவான். நானும் அப்படித்தான்.

ஆக்லாந்து அப்பா

சொந்த ஊர் உடுமலைப்பேட்டை, நியூசிலாந்தில் பதினாலு வருஷமாக இருக்கிறேன். இங்கே பதினாறு வயதிலேயே ஓட்டலாம் என்று கேள்விப்பட்டு "பார்த்தீங்களா" என்று யாராவது இழுக்கும் முன் சொல்லிவிடுகிறேன், இங்கே கொடுப்பது முழு லைசென்ஸ் இல்லை. 1987-லிருந்தே படிப்படியாகத்தான் கொடுக்கிறார்கள். என் மகள் எடுத்தபோது முதல் படியில் வண்டியின் முன்னும் பின்னும் மஞ்சள் நிற 'எல்' அட்டை, பக்கத்தில் முழு லைசென்ஸ்காரர் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும், ஆறு மாதம் நான்தான் உட்கார்ந்தேன், முடி பாதி அப்போதுதான் நரைத்தது. ரோட்டில் ஓட்டிக் காட்டி அடுத்த படிக்குப் போனதும் தனியாக ஓட்டலாம், ஆனால் ராத்திரி பத்திலிருந்து காலை ஐந்து வரை தனியாகக் கூடாது, பொறுப்பானவர் பக்கத்தில் இல்லாமல் நண்பர்களை ஏற்றவும் கூடாது. இருபது வயதுக்குக் கீழே என்றால் ஒரு சொட்டுக் குடிக்கும் அனுமதி இல்லை. வலது முட்டித் தம்பி எழுதியதைப் படித்ததும் தோன்றியது, இங்கே இரவையும் நண்பர்களையும் தனியாகப் பிடித்துத் தடுத்து வைத்திருப்பது சும்மா இல்லை.

நம்ம ஊரில் படியே கிடையாது. பதினெட்டு வயது ஆகி, எட்டு போட்டுக் காட்டினால் மறுநாள் நெடுஞ்சாலையில் நடுராத்திரியில்கூடப் போகலாம். அதனால் பதினெட்டு ஆனதும் வீட்டில் நீங்களே இந்தப் படிகளை வைத்துக்கொள்ளுங்கள், முதல் ஒரு வருஷம் டபுள்ஸ் கூடாது, இருட்டியதும் கூடாது என்று.

தாராபுரம்காரி

நாலு நாளாக எழுத முடியவில்லை, மன்னிக்கணும். பட்டறை அண்ணா சொன்னபடி வண்டியை வாசல் லைட்டுக்குக் கீழே நிறுத்திப் பார்த்தேன். மூன்று இடத்திலும் கீறல் ஒரே வாக்கில். முழுக்கைச் சட்டையும் உண்மைதான், நான் ஏதோ புதுப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் அம்மா சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு திட்டாமல் கேட்டேன். கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றவன் அழுதுவிட்டான். மூன்று பேர் போயிருக்கிறார்கள், வாய்க்கால் பாலத்து வளைவில் மணல். தலையில் அடி இல்லை, முழங்கை முழுக்கத் தோல் உரிந்து சட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கூட்டிப்போய் ஊசி போட்டுக் கட்டும் போட்டாயிற்று. ஹெல்மெட் வீட்டில் ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை.

கேஸ்கட்டு அண்ணா எழுதியதை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். ஜெயில் என்றபோது சிரித்தார், இன்சூரன்ஸ் இடம் வந்ததும் போனை வாங்கி அவரே இரண்டு தடவை படித்தார். இப்போது, "அப்ப கரண்ட் வண்டி வாங்கிக் குடுத்துடலாம், அதுக்கு லைசென்ஸே வேண்டாமாமே" என்கிறார். சரிதானா?

கேஸ்கட்டு

பாதி சரி. மோட்டார் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் என்று இருந்தால்தான் அது சட்டத்தின் கண்ணில் மோட்டார் வண்டி இல்லை, பதிவும் லைசென்ஸும் வேண்டாம். அதற்கு மேலே போகிற எலக்ட்ரிக் ஸ்கூட்டர் எல்லாம் பெட்ரோல் வண்டி மாதிரிதான். சில கடைகளில் "25-ன்னுதாங்க பேப்பர்ல, லாக் எடுத்து விட்டா 45 போகும்" என்று கண்ணடித்து விற்பார்கள். லாக் எடுத்த நிமிஷத்திலிருந்து அது பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வண்டி.

பட்டறை

அதோடு, 25-இல் போகிற வண்டியை ராத்திரி எட்டேகாலுக்கு மெயின் ரோட்டில் பின்னால் வரும் லாரிக்காரன் சைக்கிளாகக்கூட நினைக்கமாட்டான். அந்த வண்டிகளின் பின் லைட்டைப் பார்த்திருக்கிறீர்களா, மின்மினிப் பூச்சி. ஊருக்குள் ஓட்ட ஓகே, இந்த ஏழு கிலோமீட்டருக்கு நான் சிபாரிசு பண்ணமாட்டேன்.

பழைய எக்ஸெல்

எல்லோரும் சேர்ந்து என்னை வில்லன் ஆக்கிட்டீங்க. சரி, மூணு பேர் போனது தப்பு, ஒத்துக்கறேன். ஆனால் பஸ் இல்லாத ஊருக்கு என்ன பதில் என்று இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லவில்லை, அதையும் ஒத்துக்குங்க. அம்மிணி, உங்கள் பக்கத்திலிருந்து அதே டியூஷனுக்கு எத்தனை பையன்கள் வருகிறார்கள் என்று விசாரிச்சீங்களா? நாலு பேர் இருந்தாலே ஒரு ஆட்டோவை மாச வாடகைக்குப் பேசிடலாம், எங்கள் ஊரில் பொண்ணுகளுக்கு அப்படித்தான் பண்ணுகிறார்கள், பையன்களுக்கு மட்டும்தான் யாரும் யோசிக்கறதில்லை. இல்லைன்னா மாஸ்டரிடம் போய் அரை மணி நேரம் முன்னால் விடச் சொல்லிக் கேளுங்க. எட்டு மணி பஸ்ஸைப் பிடிச்சால் பாஸ் இருக்கு, காசும் இல்லை. நான் ஓட்டினது ஓட்டினதுதான், ஆனால் என் பொண்ணுக்குப் பதினெட்டு முடிஞ்சுதான் கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீங்க.

வலது முட்டி

சிரிக்கவில்லை அண்ணா :)

தாராபுரம்காரி

எக்ஸெல் அண்ணாவுக்குத்தான் இந்தத் தடவை நன்றி. மாஸ்டர் நேரத்தை மாற்றமாட்டேன் என்றுவிட்டார், "வண்டி இல்லாத பையன் இப்ப யாரும்மா இருக்கா" என்று என்னையே கேட்டார். ஆனால் விசாரித்ததில் எங்கள் வழியில் ஐந்து பேர் அங்கே படிக்கிறார்கள், அதில் மூன்று பேர் ஸ்கூட்டரில் வருகிறவர்கள். இரண்டு அம்மாக்கள் ஆட்டோவுக்குச் சரி என்றுவிட்டார்கள், ஒருத்தர் "எம் பையன் நல்லா ஓட்டுவான்" என்றார். எனக்கு லீவர் முனை ஞாபகம் வந்தது, அவரிடம் வண்டியைக் குனிந்து பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன். திங்கட்கிழமையிலிருந்து ஆட்டோ, ஆளுக்கு இவ்வளவு என்று பேசி முடித்தாயிற்று.

சாவி இப்போது ஆணியில் இல்லை, என் முந்தானை முடிச்சில். காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்ற நான் போகிறேன், ஐந்தேமுக்காலுக்கு. அத்தை மட்டும் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை, தைலம் தீர்ந்துவிட்டதாம், பேரனைக் கடைக்கு அனுப்பலாம் என்றால் அவன் சைக்கிளில் போய்வர முக்கால் மணி நேரம் ஆகிறதாம்.